கோயாவின் காளைச்சண்டைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினில் காளைச்சண்டையை வரையாத ஓவியர்களைத்தான் தேட வேண்டும். அத்தனையையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது. அதனால் இங்கே பெரும்பாலும் ஒரே தொகுப்பைப் பற்றித்தான் பேச்சு: பிரான்சிஸ்கோ கோயா 1816-இல் மாட்ரிட்டில் வெளியிட்ட ‘லா தௌரோமாக்கியா’. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் பிகாஸோ உட்பட மற்றவர்களின் படங்கள் எளிதில் பிடிபடும்.

இது ஓவியமா, அச்சா? மொத்தம் எத்தனை படங்கள்?

அச்சு. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மை பூசி, தாளில் எடுத்த படங்கள். தகடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 × 35 செ.மீ. வெளியிடப்பட்டவை 33. 1816 அக்டோபர் 28 அன்று மாட்ரிட் நாளிதழில் வந்த விளம்பரத்தில் விலையும் இருக்கிறது: உதிரியாக ஒரு படம் 10 ரியால், முழுத் தொகுப்பு 300 ரியால். கோயாவுக்கு அப்போது 70 வயது. சில தகடுகளில் 1815 என்று அவரே ஆண்டு பொறித்திருக்கிறார்.

சில நூல்களில் 40 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். செம்பு சும்மா கிடைக்கும் காலமல்ல அது. மனதுக்குப் பிடிக்காமல் ஒதுக்கிய ஏழு படங்களின் தகடுகளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வேறு படம் செய்தார். அந்த ஏழையும் 1876-இல் பாரிஸில் லுவாஸ்லே என்பவர் ஏ முதல் ஜி வரை எழுத்திட்டுச் சேர்த்து வெளியிட்டார். 33-ம் 7-ம் சேர்ந்து 40.

படத்தில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. எதை முதலில் பார்ப்பது?

ஆட்களின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முகத்தைப் பார்த்துப் பயனில்லை.

காளைச்சண்டை மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் குதிரைமேல் இருக்கும் பிக்காடோர் நீண்ட ஈட்டியால் காளையின் பிடரித் திமிலில் குத்துவார். அந்தத் தசை தளர்ந்தால்தான் காளை தலையைத் தாழ்த்தும். இரண்டாம் கட்டத்தில் ஓடி வரும் ஆட்கள் பண்டெரிய்யா என்ற குச்சிகளை இணை இணையாகத் தோளில் செருகுவார்கள். இன்றைய அளவில் குச்சி 70 செ.மீ. வரும், நுனியில் தூண்டில்போல் வளைந்த இரும்பு முள். மூன்றாம் கட்டம் காளையைக் கொல்லும் மட்டாடோருக்கு உரியது: கோலில் மாட்டிய துணி இடக்கையில், வாள் வலக்கையில். ஈட்டியா, குச்சியா, வாளா என்று பார்த்தாலே எந்தக் கட்டம் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இன்றைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டு கோயாவைப் பார்த்தால் இரண்டு இடங்களில் தடுமாறுவோம். ஒன்று, குதிரைக்குக் கவசமே இல்லை. பஞ்சடைத்த மெத்தைக் கவசம் ஸ்பெயினில் கட்டாயமானது 1928-இல்தான். அதற்கு முந்தைய படங்களில் குடல் சரிந்த குதிரையைக் கண்டால் அது ஓவியரின் மிகையல்ல, அன்றாடம் நடந்தது. இரண்டு, இன்று வழக்கொழிந்த பல காட்சிகள் இதில் உண்டு. 25-ஆம் படத்தில் காளைமேல் நாய்களை ஏவுகிறார்கள். 31-ஆம் படத்தில் இருப்பது வெடிமருந்து கட்டிய பண்டெரிய்யா. 20-இல் ஹுவானித்தோ அப்பின்யானி என்ற வீரர் நீண்ட கோலை ஊன்றிக் காளைக்கு மேலாகத் தாண்டுகிறார். 19-இல் மார்ட்டின்ச்சோ என்ற வீரர் காலில் விலங்கோடு மேசைமேல் நின்று, பாய்ந்து வரும் காளைக்கு மேலே குதிக்கத் தயாராகிறார்.

முதல் படங்களில் தலைப்பாகை கட்டிய ஆட்கள் ஏன் இருக்கிறார்கள்?

தொகுப்பின் முதல் பகுதி வரலாறுபோல் அமைந்தது. பழங்கால ஸ்பானியர், பிறகு மூர்கள் (இடைக்காலத்தில் ஸ்பெயினை ஆண்ட வடஆப்பிரிக்க முஸ்லிம்கள்), பிறகு இடைக்கால வீரன் எல் சித் (11-ஆம் படம்), பேரரசர் ஐந்தாம் சார்லஸ் (10-ஆம் படம்) என்று போகும். எண் முன்பின்னாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலவரிசையில் கோயா கறாராக இல்லை. இந்த வரலாற்றுக்கு அடிப்படை நிக்கொலாஸ் பெர்னாண்டெஸ் தெ மொராத்தின் 1777-இல் வெளியிட்ட ஒரு கடித நூல் என்பது பொதுவான கருத்து. காளைச்சண்டையை மூர்களோடு இணைத்த அந்தக் கதையை இன்றைய வரலாற்றாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

உடைகளை உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அவை இடைக்கால மூர்களின் உடைகளே அல்ல. நெப்போலியன் படையோடு மாட்ரிட்டுக்குள் வந்த மம்லூக் என்ற எகிப்தியக் குதிரைவீரர்களின் உடைகள். 1808-இல் அந்த ஊர் மக்கள் கண்ணால் கண்ட உடைகள்.

மைதானம் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது? வரையாமல் விட்டுவிட்டாரா?

இந்தத் தொகுப்பின் உயிரே அந்த வெறுமைதான். கோயாவுக்கு முன் அந்தோனியோ கார்னிசேரோ 1790-இல் வெளியிட்ட காளைச்சண்டை அச்சுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்னிசேரோவுடையவை பாடநூல் படங்கள்: யார் எங்கே நிற்க வேண்டும், துணியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெளிவாகக் காட்டுபவை. ஐரோப்பா முழுக்க அவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள். கோயாவுக்குப் பாடம் நடத்தும் எண்ணமில்லை.

21-ஆம் படத்தை எடுத்துக்கொள்வோம். மாட்ரிட் அரங்கில் ஒரு காளை தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் படிகளில் ஏறிவிட்டது. டொர்ரேஹோன் ஊர்த் தலைவர் அதில் இறந்தார். 1801-இல் நடந்த நிகழ்ச்சி. படத்தின் இடப்பாதி ஏறக்குறைய காலி. வெறும் படிவரிசை, கம்பிகள், வெளிச்சம். வலப்பக்கத்தில் எல்லாம் நெருக்கியடிக்கிறது. காளை அசையாமல் நிற்கிறது, ஊர்த் தலைவரின் உடல் அதன் கொம்பில் துணிமூட்டைபோல் மடிந்து தொங்குகிறது, சுற்றிலும் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடுகிறார்கள். சற்று முன்வரை அந்த இடப்பாதியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நமக்கே உறைக்கும். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நாலு ஆளைப் போட்டு நிரப்பியிருப்பார்கள்.

இந்த அச்சு எப்படிச் செய்யப்படுகிறது?

கோடுக்கு எட்சிங், நிழலுக்கு அக்வாடின்ட், திருத்தத்துக்கு ஊசியும் உளியும். இன்றைய பட்டறைகளிலும் வரிசை இதுதான்.

கோயா முதலில் தாளில் சிவப்புச் சுண்ணத்தால் வரைந்தார். அந்த வரைபடங்கள் பல இன்று ப்ராடோ அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் தாளை ஈரமாக்கி, மெழுகுப்பூச்சு பூசிய தகட்டின்மேல் கவிழ்த்து அச்செந்திரத்தில் ஓட்டினால் வரைபடம் தகட்டில் ஒட்டும். இடவலம் ஒருமுறை மாறும். அச்செடுக்கும்போது மீண்டும் மாறிப் பழையபடி ஆகிவிடும். ஆகவே அச்சும் முதல் வரைபடமும் ஒரே பக்கம் பார்க்கின்றன. நேரடியாகத் தகட்டில் வரைபவர்களின் படத்தில் அப்படி இருக்காது. அங்கே வாள் இடக்கையில் இருந்தால் மட்டாடோரை இடக்கைக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது.

மெழுகை ஊசியால் கீறி, செம்பு தெரியும் கோடுகளை அமிலத்தில் அரிக்க வேண்டும். இம்முறைக்கு ஸ்பானிய மொழியில் ‘அக்வாஃபுவெர்த்தே’ என்று பெயர். ‘வலுவான நீர்’, அதாவது நைட்ரிக் அமிலம். செம்பில் அது படும்போது எழும் பழுப்புப் புகை நச்சு. இன்று பெரும்பாலானோர் அதை விட்டு ஃபெர்ரிக் குளோரைடுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்தது அக்வாடின்ட். ரோசின் என்ற பைன் பிசினைத் தூளாக்கித் தகட்டில் மெல்லப் படிய விட வேண்டும். தகட்டில் பாதிப் பரப்பைத் தூள் மூடினால் போதும். அடியிலிருந்து சூடாக்கினால் வெள்ளைத் தூள் உருகிக் கண்ணாடிபோல் ஆகும். அந்த நொடியில் சூட்டை நிறுத்துங்கள். இனி அமிலம் துகள்களுக்கு இடையில் மட்டும் அரிக்கும். அந்த நுண்குழிகளில் மை தங்கிச் சாம்பல் நிறம் வரும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷால் மூடி, ஒரு நிமிடம் அமிலத்தில். வெளிர் சாம்பல் வேண்டிய இடத்தை மூடி, மேலும் இரண்டு நிமிடம். பிறகு நான்கு, எட்டு என்று இரட்டிப்பாகப் போகலாம். இது தொடக்கக் கணக்குதான். அமிலத்தின் வீரியமும் அறையின் வெப்பமும் மாறினால் நேரமும் மாறும், ஆகவே ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

கோயாவின் கைவரிசை இதற்குப் பிறகுதான். அரித்த தகட்டை மெருகுக்கோலால் தேய்த்துத் தேய்த்து அங்கங்கே வெளிச்சம் கொண்டுவந்தார். எங்கெல்லாம் ஒளி கூர்மையான விளிம்பில்லாமல் மெல்லக் கரைகிறதோ, அங்கெல்லாம் மெருகுக்கோல் ஓடியிருக்கிறது. வார்னிஷ் பூசி மறைத்த வெள்ளைக்கு விளிம்பு கத்தரித்ததுபோல் இருக்கும். இரண்டும் பல படங்களில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

செய்து பார்த்தோம், சரியாக வரவில்லை. எங்கே தவறு?

அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சாம்பல் வராமல் கோடு மட்டுமே வந்தால், ரோசினைக் கூடுதலாகச் சூடாக்கியிருப்பீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒரே படலமாகிவிட்டால் அமிலத்துக்கு இடுக்கே இருக்காது. நேர்மாறாக, அமிலத்தில் இறக்கியதும் தூள் மிதந்தால் சூடு போதவில்லை. அந்தத் தகட்டை உடனே எடுத்துக் கழுவி மறுபடி தொடங்குங்கள். தொடர்ந்து அரித்தால் மொத்தப் பரப்பும் வழுக்கையாகிவிடும், மை பிடிக்காது. கறுப்பு வேண்டிய இடத்தில் வெளிறிய திட்டு வந்தால் அதிக நேரம் அரித்துவிட்டீர்கள்: துகள்களுக்கு அடியிலும் செம்பு கரைந்து, மேடு பள்ளமே இல்லாமல் போயிருக்கும். வெள்ளை வானத்தில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழுந்தால் மெழுகில் ஓட்டை, அல்லது தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. சாக்பீஸ் தூளும் அம்மோனியாவும் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிந்தால் பிசுக்கு போய்விட்டது.

படம் மொத்தமும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் குற்றம் தாளில். கனத்த பருத்தித் தாளை நனைத்து, ஒற்றி, மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு இல்லாத நிலையில் வையுங்கள். உலர்ந்த தாள் தகட்டின் பள்ளத்துக்குள் இறங்காது. சொட்டச்சொட்ட இருந்தால் மையைத் தள்ளிவிடும்.

ரோசின் தூள் நுரையீரலுக்குக் கேடு, காற்றில் பறக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். முகக்கவசம் போடாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். அடுப்பு வேறு இடத்தில் இருக்கட்டும்.

என்னிடம் ஒரு கோயா அச்சு இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

‘அசல்’ என்ற சொல்லே இங்கே வழுக்கும். கோயா காலத்து 1816 பதிப்பும் அசல், அவர் இறந்த பிறகு அதே தகடுகளிலிருந்து எடுத்ததும் ஒருவகையில் அசல்தான். 1855, 1876, 1905, 1921, 1928, 1937 என்று பதிப்புகள் தொடர்ந்தன. வேறுபாடு படத்திலேயே தெரியும். அக்வாடின்டின் நுண்குழிகள் ஆழமில்லாதவை. ஒவ்வொரு முறை துடைத்து அழுத்தும்போதும் தேய்கின்றன. முதல் பதிப்பில் மணல்மேல் மெல்லிய நிழல் இருந்த இடம் பிந்தைய பதிப்பில் வெறும் தாளாக நிற்கும். ஊசியால் நேரடியாகக் கீறிய கோடுகளின் ஓரத்துப் பிசிறு அதற்கும் முன்பே போய்விடும். வெல்வெட்போன்ற கறுப்பு சாதாரணக் கோடாகிவிடும். முதல் பதிப்பின் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வரிகள் தெரியும், ஸெர்ரா, மொராத்தோ போன்ற நீர்க்குறிகளும் தெரியலாம்.

வெறும் நகலைப் பிடிப்பது சுலபம். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை வையுங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் ஆஃப்செட் நகல். அக்வாடின்டில் துகள்கள் சீரற்று, புழுக்கள் நெளிந்ததுபோல் இருக்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் பள்ள விளிம்பு இருக்க வேண்டும், கறுப்புக் கோடுகள் தாளிலிருந்து சற்று எழும்பி நிற்க வேண்டும். ஏமாற்றக்கூடியது ஃபோட்டோகிராவ்யூர், அதாவது ஒளிப்படம் வழியாகத் தகட்டில் ஏற்றி எடுத்த நகல்: அதுவும் செப்புத் தகடு, அதிலும் துகள், அதிலும் பள்ள விளிம்பு. ஆனால் அதில் எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் இருக்கும். சட்டத்துக்குள் பூட்டிய படத்தைப் பார்த்து யார் சான்று கொடுத்தாலும் நம்பாதீர்கள். தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கடைசிப் படத்தில் இறப்பவர் யார்?

ஹோசே தெல்காதோ, புகழ்ப்பெயர் பெப்பே இய்யோ. 1801 மே 11 அன்று மாட்ரிட் அரங்கில் பர்புதோ என்ற காளை அவரைக் கொன்றது. ‘பர்புதோ’ என்றால் தாடிக்காரன். வீரர் மட்டுமல்ல, நூலாசிரியரும்கூட: காளையோடு மோதும் கலையை விதிகளாக வகுத்த நூல் 1796-இல் காதிஸ் நகரில் அவர் பெயரில் வந்தது. ஆபத்தில்லாமல் காளையைக் கையாளும் முறைகளை எழுதியவர் கொம்பில் போனார்.

அந்தச் சாவைக் கோயா மூன்று முறை தகட்டில் செய்தார். 33-ஆம் படம் ஒன்று. ஒதுக்கிய ஏழில் இ, எஃப் இரண்டும் அதே காட்சி. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட்டத்தையும் பின்னணியையும் எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று அவர் தேடியது தெரிகிறது.

கோயா காளைச்சண்டையை ஆதரித்தாரா, எதிர்த்தாரா?

இரு தரப்பும் இதே 33 படங்களைத்தான் சான்றாகக் காட்டுகின்றன. அவர் ரசிகர் என்பதில் ஐயமில்லை. மேலே சொன்ன கடித நூலை எழுதிய மொராத்தினின் மகன் லேயாந்த்ரோ 1825-இல் எழுதிய கடிதத்தில், தாம் ஒரு காலத்தில் காளையோடு மோதியதாகவும், கையில் வாள் இருந்தால் எவனுக்கும் அஞ்சமாட்டேன் என்றும் கோயா சொல்லிக்கொள்வதாகக் குறித்திருக்கிறார். 80 வயதை நெருங்கிய மனிதரின் பேச்சு அது. உண்மையா பெருமையா என்பது வேறு.

ஆனால் ரசிகருக்குக் கண் இல்லாமல் போகவில்லை. நான்காம் கார்லோஸ் 1805-இல் காளைகளைக் கொல்லும் சண்டைகளைத் தடைசெய்தார். தடை நீங்கி, நெப்போலியனோடு நடந்த போரும் முடிந்த பிறகு கோயா இந்தத் தகடுகளில் உட்கார்ந்தபோது, போரின் கொடுமைகளைக் காட்டும் இன்னொரு தொகுப்பும் அவர் மேசையில் இருந்தது. 12-ஆம் படத்தில் ஈட்டியும் பிறைக்கத்தியுமாகக் காளையைச் சூழும் கும்பலுக்கு அவரே வைத்த பெயர் ‘கனாய்யா’, அதாவது கீழ்த்தரக் கூட்டம். வீரத்தை மெச்சுகிறார், கும்பலை வெறுக்கிறார் என்று படிப்பதே பொருந்துகிறது. தொகுப்பு சரியாக விற்கவில்லை; கொண்டாட்டப் படம் தேடி வந்தவர்களுக்கு இது கசந்திருக்க வேண்டும்.

‘போர்தோ காளைகள்’ என்பது வேறா?

வேறு. 1825-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் கோயா செய்த நான்கு கல்லச்சுப் படங்கள். கோலோன் என்பவரின் பட்டறையில் 100 பிரதிகள் எடுத்தார்கள். கல்லை மேசையில் கிடத்தாமல் ஓவியப் பலகைபோல் நிறுத்திவைத்து, கிரயானை அகலமாகப் பூசி, சுரண்டிச் சுரண்டி ஒளியை எடுத்தார். இங்கே வெறுமை இல்லை. மைதானம் முழுக்கக் கும்பல்.

பிகாஸோவின் தொகுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெயரும் பெப்பே இய்யோவும். பார்சிலோனாவின் குஸ்தாவோ ஹிலி பதிப்பகம் 1959-இல் வெளியிட்ட பிகாஸோவின் ‘தௌரோமாக்கியா’வில் உள்ள எழுத்து அந்த 1796 நூல்தான். கோயாவின் கடைசித் தகட்டில் செத்துக் கிடப்பவர் பிகாஸோவின் நூலில் ஆசிரியராக வருகிறார்.

படங்கள் 26, 1957-இல் செய்தவை. முறை சர்க்கரை அக்வாடின்ட். கெட்டியான சர்க்கரைப் பாகில் கறுப்பு மை கலந்து தூரிகையால் நேரே தகட்டில் வரைய வேண்டும். உலர்ந்ததும் மேலே மெல்லிய வார்னிஷ் பூசி, வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் சர்க்கரை உப்பி, தன்மேல் இருந்த வார்னிஷைக் கிளப்பிவிடும். தூரிகை பட்ட இடம் மட்டும் செம்பாகத் தெரியும். அதை ரோசின் தூவி அரித்தால் தூரிகைத் தடம் அப்படியே அச்சாகும். வார்னிஷ் கெட்டியாக இருந்தால் சர்க்கரை கிளம்பாது. பாகு உலராமல் பூசினால் இழுபடும். பிசுக்கு இருந்தால் பாகு திரண்டு முத்தாகிவிடும். ஊசியால் கீறுவதற்கும் இதற்கும் வேகமே வேறு: பார்வையாளர் கூட்டம் சின்னச் சின்னப் பொட்டுகள், காளை நாலைந்து தீற்றல், மைதானம் வெள்ளைத் தாள். வெறுமையை மட்டும் கோயாவிடமிருந்து எடுத்துக்கொண்டு இருட்டை விட்டுவிட்டார்.

‘குவெர்னிக்கா’வில் இருப்பது காளைச்சண்டையா?

இல்லை. குவெர்னிக்கா ஊரின்மேல் 1937-இல் நடந்த குண்டுவீச்சைப் பற்றிய பிகாஸோவின் ஓவியம். ஆனால் குத்துண்டு அலறும் குதிரையும் அருகில் நிற்கும் காளையும் அரங்கிலிருந்து வந்தவை. கவசமில்லாக் குதிரைகளைச் சிறுவயதில் மாலகாவில் பார்த்து வளர்ந்தவர் வரைந்தது.

எங்கே பார்க்கலாம்?

அச்சுத்தாள் வெளிச்சத்தில் கெடும். அதனால் எந்த அருங்காட்சியகமும் 33 படங்களையும் ஆண்டு முழுக்க மாட்டிவைக்காது. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்ரிட்டில் அல்காலா தெரு 13-இல் உள்ள சான் பெர்னாண்டோ கலைக்கழகத்துக்குப் போனால், ஊர்த்திடலில் நடக்கும் காளைச்சண்டையைக் கோயா வரைந்த எண்ணெய் ஓவியம் இருக்கும். கழகத்தின் அச்சுக்கூடத்தில்தான் செப்புத் தகடுகள் இருக்கின்றன. படங்களை நிதானமாகப் பார்க்க ப்ராடோவின் இணையதளம் நல்லது. அங்கே 21-ஆம் படத்தைத் திறந்து, காளையை விட்டுவிட்டு இடப்பக்கத்துப் படிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.